சுவிட்சர்லாந்து மலைப் பயணம்: எந்த ரயில் பாஸ், எப்படித் திட்டமிடுவது?

கோவையிலிருந்து ஜூன் முதல் வாரத்தில் புறப்படுகிறீர்கள். நீங்கள் இருவர், 9 வயதிலும் 13 வயதிலும் பிள்ளைகள், உடன் 64 வயதான உங்கள் அம்மா. சூரிச்சில் இறங்கி இண்டர்லாகனில் 4 இரவு, செர்மாட்டில் 2, செயின்ட் மோரிட்ஸில் 1, திரும்பவும் சூரிச்சில் 1 என்று திட்டம். யுங்ஃப்ராயோக், கோர்னர்கிராட் என்ற இரண்டு மலை உச்சிகள், கிளேசியர் எக்ஸ்பிரஸ் என்ற சுற்றுலா ரயில் மூன்றும் வேண்டும். பெரியவர்கள் மூவருக்கும் நாடெங்கும் ரயில், பஸ், படகுகளில் செல்லும் ஸ்விஸ் டிராவல் பாஸை 8 நாளுக்கு வாங்கிவிடுங்கள், மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம் என்று டிராவல் ஏஜென்ட் சொல்கிறார். அது சரிதானா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் திட்டத்துக்கு அது சரியான தேர்வு அல்ல என்பது என் கருத்து. ஹாஃப் ஃபேர் கார்டு எனப்படும் அரைக்கட்டண அட்டைதான் உங்களுக்குப் பொருந்தும். கிளேசியர் எக்ஸ்பிரஸில் போகும் அந்த ஒரு நாளுக்கு மட்டும் முன்கூட்டியே சேவர் டே பாஸ் என்ற ஒரு நாள் சீட்டைச் சேர்த்துக்கொள்ளலாம். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் காரணம் புரிந்துவிட்டால் திட்டம் நாளைக்கு மாறினாலும் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ள முடியும்.

பாஸைப் பற்றி யோசிப்பவர்கள் பெரும்பாலும் ஊருக்கு ஊர் போகும் ரயில்களைத்தான் மனத்தில் வைத்துக்கொள்கிறார்கள். மலைப் பயணத்தில் செலவு அங்கே இல்லை. பள்ளத்தாக்கிலிருந்து சிகரத்துக்கு ஏறும் பல்சக்கர ரயிலும் கேபிள் காரும்தான் பணத்தை விழுங்குகின்றன. இண்டர்லாகனிலிருந்து யுங்ஃப்ராயோக் போய்த் திரும்பக் கோடைப் பருவத்தில் முழுக்கட்டணம் 200 பிராங்கைத் தாண்டும். செர்மாட்டிலிருந்து கோர்னர்கிராட் உச்சப் பருவத்தில் 100 பிராங்குக்கு மேல் போகும். ஸ்விஸ் டிராவல் பாஸ் இந்த இடங்களில் முழுப் பயணச்சீட்டாகச் செல்லாது, வெறும் சலுகை அட்டையாகத்தான் செல்லும். கோர்னர்கிராட், பிலாட்டஸ், டிட்லிஸ், மேட்டர்ஹார்ன் கிளேசியர் பாரடைஸ் ஆகியவற்றில் 50 சதவீதம் குறையும். யுங்ஃப்ராயோக்கிலோ வழியிலுள்ள கிரிண்டல்வால்ட், வெங்கன் ஊர்கள் வரை பாஸ் செல்லும், அதற்கு மேலே 25 சதவீதச் சலுகை மட்டுமே கிடைக்கும். அரைக்கட்டண அட்டை வைத்திருப்பவருக்கு அதே யுங்ஃப்ராயோக் கீழிருந்து உச்சி வரை பாதி விலை. அதாவது அந்த ஒரு மலையில், விலை அதிகமான பாஸைவிட விலை குறைந்த அட்டைக்குத்தான் கூடுதல் சலுகை. ஏஜென்ட்டுகள் இதைச் சொல்வது அபூர்வம்.

இப்போது கணக்குக்கு வருவோம். 2025-ஆம் ஆண்டு விலைப்படி இரண்டாம் வகுப்பு ஸ்விஸ் டிராவல் பாஸ் 3 நாளுக்கு 244 பிராங்க், 4 நாளுக்கு 295, 6 நாளுக்கு 379, 8 நாளுக்கு 419, 15 நாளுக்கு 459. ஒரு மாதம் செல்லும் அரைக்கட்டண அட்டை நெடுங்காலம் 120 பிராங்காக இருந்தது; அந்த எண்ணையே வைத்துப் பார்க்கலாம். கோர்னர்கிராட் போன்ற மலைகளில் இரண்டுக்கும் பாதி விலைதான் என்பதால் அவற்றைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். மீதமிருப்பது இரண்டு விஷயங்கள்: சாதாரண ரயில், பஸ், படகு ஆகியவற்றின் முழுக்கட்டணம் மொத்தம் எவ்வளவு என்பது ஒன்று, யுங்ஃப்ராயோக் போகிறீர்களா என்பது மற்றொன்று. 8 நாள் பாஸுக்கும் அட்டைக்கும் உள்ள வித்தியாசம் 299 பிராங்க். யுங்ஃப்ராயோக்கின் மேல்பகுதியைச் சுமார் 200 பிராங்க் என்று கொண்டால், பாஸ்காரர் அங்கே 50 பிராங்க் கூடுதலாகக் கொடுக்கிறார். ஆக, பாஸ் லாபமாவதற்குச் சாதாரணப் பயணங்களின் முழுக்கட்டணம் ஓர் ஆளுக்கு ஏறத்தாழ 700 பிராங்கைத் தொட வேண்டும். யுங்ஃப்ராயோக்கை விட்டுவிட்டால் 600 போதும். அட்டையின் விலை 30 பிராங்க் கூடினால் இந்த வரம்பு 60 பிராங்க் இறங்கும், அவ்வளவுதான்.

உங்கள் திட்டத்தில் அந்த 700 வருகிறதா? சூரிச் விமான நிலையத்திலிருந்து இண்டர்லாகன், அங்கிருந்து செர்மாட், செயின்ட் மோரிட்ஸிலிருந்து சூரிச் என்ற மூன்று பயணங்களும் ஒவ்வொன்றும் 80 பிராங்கை ஒட்டி வரும்; கிளேசியர் எக்ஸ்பிரஸின் பயணக் கட்டணம் 150 சொச்சம். லவுட்டர்புருன்னனிலிருந்து மியூரன் போய்வருவது, பிரியன்ஸ் ஏரியில் ஒரு படகு என்று சில்லறைப் பயணங்களுக்கு இன்னொரு 100 வைத்துக்கொண்டாலும் மொத்தம் 500-க்குள் நிற்கும். அட்டையோடு சேர்த்தால் உங்களுக்கு ஆவது 370 பிராங்க் அளவு. பாஸுக்கு 419, அதன் மேல் யுங்ஃப்ராயோக்கில் அந்தக் கூடுதல் 50. ஓர் ஆளுக்கு ஏறக்குறைய 100 பிராங்க் வித்தியாசம், பெரியவர்கள் மூவர் என்றால் 300. சுவிட்சர்லாந்தில் ஐந்து பேருக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஆகும் செலவைப் பார்த்தவர்கள் 300 பிராங்கைச் சின்னத் தொகை என்று சொல்ல மாட்டார்கள்.

பாஸ் யாருக்கு நல்லது என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் அது ஏதோ ஏமாற்று வேலை என்ற எண்ணம் வந்துவிடும். லூசர்னில் தங்கி, ஒரு நாள் ரிகி, ஒரு நாள் பெர்ன், ஒரு நாள் மோந்த்ரோ, ஒரு நாள் ஸ்டான்சர்ஹார்ன் என்று தினமும் நீண்ட தூரம் சுற்றுகிறவருக்கு 700 பிராங்க் சுலபமாகச் சேர்ந்துவிடும். ரிகி, ஸ்டான்சர்ஹார்ன், ஸ்டூஸ் ஆகிய மூன்று மலைகளும் பாஸிலேயே அடங்கியவை. 1871-இல் ஃபிட்ஸ்னாவிலிருந்து ஓடத் தொடங்கிய ரிகி ரயில்தான் ஐரோப்பாவின் முதல் மலைப் பல்சக்கர ரயில் என்பதால் ரயில் பிடித்தவர்களுக்கு அதுவே ஒரு நாள் வேலை. நகரங்களின் டிராமும் பஸ்ஸும் 500-க்கும் மேற்பட்ட அருங்காட்சியகங்களும் இலவசம். ஒவ்வொரு முறையும் டிக்கெட் வாங்கும் தொல்லையே இல்லை, ரயில் வந்தால் ஏறி உட்கார வேண்டியதுதான். இந்த நிம்மதிக்காகவே 100 பிராங்க் கூடுதலாகக் கொடுக்கலாம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அதைத் தவறென்று சொல்ல முடியாது. ஆனால் பெரும்பாலான இரவுகளை இரண்டே ஊர்களில் தங்கி, பகலெல்லாம் மலை மேலே கழிக்கப்போகிற உங்களுக்கு அந்த வசதி பெரும்பாலும் பயன்படாமலே போகும்.

ஒரே வட்டாரத்தில் நிற்பவர்களுக்கு மூன்றாவது வழி ஒன்று உண்டு. பெர்னர் ஓபர்லாண்ட் பாஸ், யுங்ஃப்ராவ் டிராவல் பாஸ், லூசர்ன் பக்கத்துக்கான டெல் பாஸ் ஆகியவை அந்தந்த வட்டாரத்துக்குள் மலை ரயில்களையும் சேர்த்தே இலவசமாக்குகின்றன. யுங்ஃப்ராவ் டிராவல் பாஸில் ஃபர்ஸ்ட், ஹார்டர் குல்ம், ஷினிகே பிளாட்டே ஆகிய மலைகள், வெங்கனிலிருந்து மேன்லிஹென், துன் ஏரியிலும் பிரியன்ஸ் ஏரியிலும் படகு எல்லாம் அடக்கம். யுங்ஃப்ராயோக் போகும் வழியிலுள்ள ஐகர்கிளெட்ஷர் நிலையம் வரை போகலாம், யுங்ஃப்ராயோக்குக்கு மட்டும் மேலே ஒரு தொகை கட்ட வேண்டும். செர்மாட்டை விட்டுவிட்டு எட்டு இரவையும் இண்டர்லாகன் பக்கமே கழிப்பதாக இருந்தால் இதைத்தான் வாங்கச் சொல்வேன். யூரெய்ல் பாஸ் பல நாடுகளைச் சுற்றுபவருக்கானது. சிகரங்களுக்குப் போகும் ரயில்களில் அது பெரும்பாலும் சலுகை அட்டைதான், ஆகவே உங்களுக்குத் தேவையில்லை.

இன்னொரு காரணமும் இருக்கிறது, பணக்கணக்கைவிட அதை முக்கியமாக நினைக்கிறேன். நாள் தேதி போட்ட பாஸ் கையில் இருந்தால், காசு வீணாகிவிடுமே என்று மேகம் மூடிய நாளிலும் மலை ஏறச் சொல்லும். யுங்ஃப்ராயோக் 3454 மீட்டர் உயரம். கடைசி 7 கிலோமீட்டருக்கு மேல் ஐகர், மன்ஷ் ஆகிய மலைகளின் வயிற்றுக்குள் குடைந்த சுரங்கத்தில்தான் ரயில் போகிறது, ஆகவே வழியில் பார்க்க அதிகம் இல்லை. எல்லாக் காட்சியும் உச்சியில்தான். அங்கே மேகம் நின்றால் ஐந்து பேரும் வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். அரைக்கட்டண அட்டை உள்ளவருக்கு அந்த நிர்ப்பந்தம் இல்லை. காலை 6 மணிக்கு எழுந்து கைப்பேசியில் யுங்ஃப்ராயோக்கின் வெப்கேமைத் திறந்து பாருங்கள். பனிமலை தெளிவாகத் தெரிந்தால் சுவிஸ் ரயில்வேயான எஸ்பிபியின் செயலியிலேயே டிக்கெட் வாங்கி 7 மணி வாக்கில் புறப்படுங்கள். தெரியாவிட்டால் அன்று தாழ்வான இடங்களுக்குப் போகலாம்: மலைக்குள்ளேயே நொடிக்கு 20,000 லிட்டர் வரை பனிநீர் இரைந்து இறங்கும் ட்ரூம்மல்பாக் அருவிகள், பிரியன்ஸுக்கு அருகே பழைய பண்ணைவீடுகளைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கும் பாலன்பெர்க் திறந்தவெளி அருங்காட்சியகம், அல்லது 50 நிமிடத்தில் போய்விடக்கூடிய பெர்ன். இண்டர்லாகனில் 4 இரவு வைத்திருக்கிறீர்கள். அதில் எந்த நாள் யுங்ஃப்ராயோக் என்று ஊரிலிருந்தே முடிவுசெய்துகொண்டு போகாதீர்கள். ஏஜென்ட் தேதி போட்ட யுங்ஃப்ராயோக் டிக்கெட்டை இப்போதே தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அந்தப் பயணத்தின் நடைமுறையைக் கொஞ்சம் நெருக்கமாகப் பார்ப்போம். இண்டர்லாகனில் ஓஸ்ட், வெஸ்ட் என இரண்டு நிலையங்கள். மலை ரயில்கள் ஓஸ்டிலிருந்துதான் புறப்படுகின்றன. விடுதி எடுக்கும்போது இதைப் பாருங்கள், மலிவாகக் கிடைக்கிறதே என்று வெஸ்ட் பக்கம் எடுத்தால் தினமும் காலையில் ஒரு மாற்றம் கூடும். ஓஸ்டில் நிற்கும் ரயில் பார்ப்பதற்கு ஒன்றுதான், ஆனால் ஸ்வைலூட்ஷினன் என்ற இடத்தில் அது இரண்டாகப் பிரிந்து ஒரு பாதி கிரிண்டல்வால்டுக்கும் மறுபாதி லவுட்டர்புருன்னனுக்கும் போய்விடும். பெட்டியின் பக்கவாட்டில் எந்த ஊர் என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஏறுங்கள். பிள்ளைகள் ஜன்னல் சீட்டுக்காக முன்னே ஓடி வேறு பாதியில் ஏறிவிட்டால் இரண்டு பள்ளத்தாக்குகளில் தேட வேண்டியிருக்கும். கிரிண்டல்வால்ட் ஊர் நிலையத்துக்கு முன்னால் வரும் கிரிண்டல்வால்ட் டெர்மினலில் இறங்கினால், 2020 டிசம்பரில் திறந்த ஐகர் எக்ஸ்பிரஸ் கேபிள் கார் 15 நிமிடத்தில் 2320 மீட்டர் உயர ஐகர்கிளெட்ஷரில் கொண்டுபோய் விடும். திரும்பும்போது அதே வழியில் வர வேண்டாம். கிளைன ஷைடெக், வெங்கன், லவுட்டர்புருன்னன் வழியாகப் பல்சக்கர ரயிலில் மெல்ல இறங்கினால் ஐகரின் வடக்கு முகமும், அடுத்து லவுட்டர்புருன்னன் பள்ளத்தாக்கின் செங்குத்துப் பாறைகளும் அருவிகளும் வரிசையாக வரும். இண்டர்லாகனிலிருந்து எடுத்த டிக்கெட் இரு வழியிலும் செல்லும்.

அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். இண்டர்லாகன் 567 மீட்டரில் இருக்கிறது. ஒன்றரை இரண்டு மணி நேரத்தில் 3454 மீட்டர் உயரத்துக்கு ஏறுவது உடம்புக்குச் சின்ன விஷயம் அல்ல. இதயமோ நுரையீரலோ சம்பந்தப்பட்ட தொந்தரவு இருந்தால் ஊரிலேயே மருத்துவரைக் கேட்டுவிட்டு வாருங்கள். மேலே இறங்கியதும் வேகமாக நடக்காமல், நிறையத் தண்ணீர் குடித்து, முதல் அரை மணி நேரம் உட்கார்ந்தே இருப்பது நல்லது. அம்மாவுக்குத் தயக்கமாக இருந்தால் யுங்ஃப்ராயோக்கை விட்டுவிட்டு கோர்னர்கிராட்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பணம் இடித்தாலும் இதையேதான் சொல்வேன். 3089 மீட்டர் உயரத்துக்குத் திறந்தவெளியிலேயே 33 நிமிடம் ஏறும் அந்த ரயிலில் வழி முழுக்கக் காட்சி. மேலே போகும்போது வலப்பக்கம் உட்கார்ந்தால் மேட்டர்ஹார்ன் சிகரம் கூடவே வரும். உச்சியில் நின்றால் 4000 மீட்டரைத் தாண்டிய 29 சிகரங்கள் கண்ணில் படும். செலவில் யுங்ஃப்ராயோக்கின் பாதிதான், காட்சியில் குறைவில்லை. இடையில் ரோட்டன்போடனில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் ரிஃபல் ஏரி வரும், ஆனால் ஜூன் தொடக்கத்தில் அந்தப் பாதையில் பனி கிடக்கலாம் என்பதால் நல்ல ஷூ இல்லாமல் இறங்காதீர்கள்.

கோவைக்காரர் என்பதால் ஓர் உபரித் தகவல்: பல்சக்கரம் கவ்விக்கொள்ளத் தண்டவாளத்துக்கு நடுவே போட்டிருக்கும் கோர்னர்கிராட் ரயிலின் பற்சட்டமும் கல்லாறிலிருந்து குன்னூர் ஏறும் நம் நீலகிரி ரயிலின் பற்சட்டமும் ஒரே ஆளின் கண்டுபிடிப்பு. ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளரின் முறை அது. நீலகிரியின் எக்ஸ் வகை நீராவி என்ஜின்களும் முதலில் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் உருவானவையே. உங்கள் பிள்ளைகள் மேட்டுப்பாளையத்தில் அந்த ரயிலைப் பார்த்திருந்தால், செர்மாட்டில் தண்டவாளத்துக்கு நடுவே குனிந்து பார்க்கச் சொல்லுங்கள்.

கிளேசியர் எக்ஸ்பிரஸைப் பற்றி எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து உண்டு. செர்மாட்டிலிருந்து செயின்ட் மோரிட்ஸ் வரை 8 மணி நேரம், 291 பாலங்கள், 91 சுரங்கங்கள், நடுவே 2033 மீட்டர் உயர ஓபரால்ப் கணவாய். பெயரில் எக்ஸ்பிரஸ் இருந்தாலும் மெதுவான ரயில் அது. அழகில் குறை சொல்ல முடியாது. ஆனால் 9 வயதுப் பிள்ளையோடு 8 மணி நேரம், திறக்க முடியாத பெரிய கண்ணாடி ஜன்னலுக்குள் உட்கார்ந்திருப்பதை யோசித்துப் பாருங்கள். கண்ணாடியின் பிரதிபலிப்பு போட்டோக்களில் விழுந்துகொண்டே இருக்கும். பாஸோ அரைக்கட்டண அட்டையோ எது இருந்தாலும் இருக்கைக்கு முன்பதிவும் அதற்குத் தனிக் கட்டணமும் கட்டாயம். அதே தண்டவாளத்தில் சாதாரண ரயில்களும் ஓடுகின்றன. ஆண்டர்மாட், டிசென்டிஸ் போன்ற இடங்களில் மாறி மாறிப் போக வேண்டும் என்பதைத் தவிர மலைகள் மாறிவிடுவதில்லை. முன்பதிவும் வேண்டாம், நடுவே எங்காவது இறங்கி ஒரு மணி நேரம் ஊரைச் சுற்றிவிட்டு அடுத்த ரயிலைப் பிடிக்கலாம்.

அதைவிட என் மனத்துக்குப் பிடித்தது செயின்ட் மோரிட்ஸிலிருந்து திரானோவுக்கு இறங்கும் பெர்னினா பாதைதான். 2008-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பாதை அது. 2253 மீட்டரிலுள்ள ஓஸ்பிட்சியோ பெர்னினா நிலையத்தில் பனி ஏரியைத் தொட்டுக்கொண்டு போகும் ரயில், அங்கிருந்து பல்சக்கரத்தின் உதவியே இல்லாமல் வளைந்து வளைந்து இறங்கி, புரூசியோவில் திறந்த வெளியிலேயே கல் பாலத்தின் மேல் ஒரு முழு வட்டம் சுற்றி, 429 மீட்டரில் இத்தாலியத் திரானோவில் போய் நிற்கிறது. சிவப்பு நிறச் சாதாரண ரயிலில் ஏறினால் சில பெட்டிகளில் ஜன்னலை இறக்கிக்கொள்ளலாம்; பெர்னினா எக்ஸ்பிரஸுக்கு மட்டும்தான் முன்பதிவு கட்டாயம். எல்லை தாண்டுவதால் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். செயின்ட் மோரிட்ஸில் ஒரே இரவு என்ற உங்கள் திட்டத்தில் இதற்கு இடமே இல்லை. ஆகவே சூரிச்சின் கடைசி இரவை எடுத்து செயின்ட் மோரிட்ஸில் சேர்த்துவிடலாம், விமானம் மாலையில் இருந்தால். காலை விமானம் என்றால் அந்தத் துணிச்சல் வேண்டாம்.

கிளேசியர் எக்ஸ்பிரஸ் கட்டாயம் வேண்டும் என்று வீட்டில் தீர்மானமாகிவிட்டால், அந்த நாளுக்குத்தான் சேவர் டே பாஸ். நாடு முழுவதும் ஒரு நாள் செல்லும் இந்தச் சீட்டு பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விற்பனைக்கு வரும். அரைக்கட்டண அட்டை உள்ளவருக்குக் குறைந்த விலை 29 பிராங்க், இல்லாதவருக்கு 52. விற்க விற்க விலை ஏறும், பிற்பாடு மாற்ற முடியாது. மற்ற நாட்களுக்கு இப்படிக் கட்டிப்போடும் சீட்டு வேண்டாம் என்பேன், ஆனால் கிளேசியர் எக்ஸ்பிரஸுக்கு எப்படியும் தேதி போட்டு இருக்கை வாங்கியிருப்பதால் இதில் இழப்பதற்கு ஒன்றுமில்லை. 75 பிராங்க் ஆக வேண்டிய பயணம் 30, 40-க்குள் முடிந்துவிடும். இருக்கைக் கட்டணம் மட்டும் தனி. கோர்னர்கிராட்டுக்கோ யுங்ஃப்ராயோக்குக்கோ இது செல்லாது.

பிள்ளைகளுக்குத் தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. 6 வயதுக்கு மேல் 16 வயதுக்குட்பட்டவர்களுக்கு ஸ்விஸ் ஃபேமிலி கார்டு இலவசம். பாஸோ அரைக்கட்டண அட்டையோ வாங்கும்போதே பிள்ளைகளின் பெயர், பிறந்த தேதியைக் கொடுத்துக் கேட்டுப் பெற வேண்டும். பெரும்பாலான மலை ரயில்களிலும் அதை ஏற்றுக்கொள்கிறார்கள். ஒரு நிபந்தனை: பெற்றோரில் ஒருவராவது உடன் இருக்க வேண்டும். நீங்கள் இருவரும் எங்காவது நடக்கப் போய்விட்டு, பிள்ளைகளைப் பாட்டியோடு ரயிலில் அனுப்பினால் அந்தப் பயணத்துக்குப் பிள்ளைகளுக்கு டிக்கெட் எடுத்தாக வேண்டும். சூரிச்சிலோ பெர்னிலோ உங்கள் உறவினர்கள் இருந்து அவர்களும் சேர்ந்து வருவதாக இருந்தால், ஸ்விஸ் டிராவல் பாஸும் ஒரு மாத அரைக்கட்டண அட்டையும் வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கு மட்டுமே என்பதை நினைவில் வையுங்கள். அங்கேயே வசிக்கும் நம்மவர்கள் ஹால்ப்டாக்ஸ் என்ற ஆண்டு அட்டையைத்தான் வைத்திருப்பார்கள்.

அரைக்கட்டண அட்டையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அது பயணச்சீட்டு அல்ல. சுவிஸ் நிலையங்களில் தடுப்புக் கதவு எதுவும் கிடையாது, யாரும் எந்த ரயிலிலும் ஏறலாம். உள்ளே பரிசோதகர் வரும்போது பாதிக் கட்டணச் சீட்டு, அட்டை, பாஸ்போர்ட் மூன்றும் காட்ட வேண்டும். சீட்டில்லாமல் அட்டையை மட்டும் நீட்டினால் கணிசமான அபராதம். ரயில் நகர்வதற்கு முன்பே செயலியில் வாங்கிவிடுங்கள். சிலர் செயலியில் பயணியின் விவரத்தில் அரைக்கட்டண அட்டை என்று குறிக்க மறந்து முழு விலை கட்டிவிடுகிறார்கள். முதல் டிக்கெட் வாங்குவதற்கு முன் மூவரின் விவரத்தையும் ஒருமுறை சரிபார்த்துவிட்டால் போதும்.

ரயில் நேரத்தைப் பற்றி நம்மவர்கள் தேவையில்லாமல் கவலைப்படுகிறார்கள். செயலி 6 நிமிடத்தில் ரயில் மாறச் சொன்னால், நம் ஊர் அனுபவத்தை வைத்து அடுத்த ரயிலுக்குத் தள்ளிவைக்கத் தோன்றும். 1982 முதல் அங்கே ஒரே இடைவெளியில் ரயில் விடும் முறை நடக்கிறது. 2004 டிசம்பரில் பெரிய நிலையங்களுக்குள் எல்லாத் திசை ரயில்களும் ஒவ்வொரு மணி நேரமும் பிறப்பதற்குச் சற்று முன் வந்து, சற்றுப் பின் புறப்படும்படி அட்டவணையையே மாற்றி அமைத்தார்கள். அந்த 6 நிமிடம் யோசித்து வைத்த 6 நிமிடம், பெரும்பாலும் எதிர் நடைமேடைக்கு நடப்பதுதான் வேலை. தவறினாலும் அரை மணியிலோ ஒரு மணியிலோ அடுத்தது வரும்; சாதாரண டிக்கெட்டுக்குக் குறிப்பிட்ட ரயில் என்று கிடையாது. சூப்பர்சேவர் என்று மலிவாக விற்கும் டிக்கெட்டுகள் மட்டும் அந்தந்த ரயிலோடு கட்டுண்டவை, ஐந்து பேர் குடும்பத்துக்கு அது ஒத்துவராது. பெட்டிகளைப் பொறுத்தவரை, ஆளுக்கு ஒன்று என்று ஐந்து பெரிய சூட்கேஸ்களோடு போகாதீர்கள். ஃபிஸ்ப் நிலையத்தில் செர்மாட் ரயிலுக்கு மாறும்போது அதன் வலி தெரியும். மூன்றோடு நிறுத்திக்கொண்டால் நல்லது.

பருவத்தைப் பற்றி: ஜூன் முதல் வாரம் மோசமில்லை, ஆனால் முழுக் கோடை அல்ல. நம் பள்ளி விடுமுறை ஏப்ரல், மே என்பதால் தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களில் பாதிப்பேர் மலைகள் அரைத்தூக்கத்தில் இருக்கும் நேரத்தில் போய் நிற்கிறார்கள். பனிச்சறுக்குக் காலம் முடிந்து கோடைக்கூட்டம் வருவதற்குள் கேபிள் கார்களைப் பராமரிப்புக்காக மூடுகிறார்கள். உயரத்திலுள்ள நடைபாதைகளில் பனி உருகியிருக்காது. யுங்ஃப்ராயோக்கும் கோர்னர்கிராட்டும் ஆண்டு முழுவதும் ஓடுபவை, அவற்றுக்குப் பயமில்லை. ஷினிகே பிளாட்டே, பிரியன்ஸ் ரோட்டார்ன் நீராவி ரயில் போன்றவை ஜூனில்தான் ஒவ்வொன்றாகத் திறக்கும்; நீங்கள் போகும் தேதிக்கு ஓடுகிறதா என்று அந்தந்த ரயிலின் இணையதளத்தில் பாருங்கள். பள்ளி திறப்பதைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து ஜூன் மூன்றாம் வாரத்துக்குத் தள்ள முடியுமானால் தள்ளுங்கள். பள்ளியில் என்ன சொல்வார்கள் என்பது வேறு விஷயம்.

விசா வருவதற்கு முன் பாஸோ அட்டையோ வாங்கி வைக்க வேண்டிய அவசியமே இல்லை. இரண்டுமே இணையத்தில் சில நிமிடங்களில் கிடைப்பவை, விலையும் நாளுக்கு நாள் ஏறாது. புறப்படும் வாரத்தில் வாங்கினால் போதும். முன்கூட்டிச் செய்ய வேண்டியவை விடுதிகளும், வேண்டுமென்றால் கிளேசியர் எக்ஸ்பிரஸ் இருக்கையும் அந்த நாளின் சேவர் டே பாஸும் மட்டுமே. அந்த இருக்கையையும் சேவர் டே பாஸையும் விசா கைக்கு வந்த அன்றே முடித்துக்கொள்ளலாம். இண்டர்லாகன் விடுதியில் தங்குவோருக்கு உள்ளூர் பஸ்ஸில் இலவசமாகப் போக விருந்தினர் அட்டை ஒன்று தருவார்கள், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஏஜென்ட்டிடம் விமானமும் விடுதியும் மட்டும் போதும் என்று சொல்லுங்கள். அவர் முகம் கொஞ்சம் வாடும், பரவாயில்லை.